சாட்சி: ஆகஸ்ட் கெய்லர்

டேட்டன், ஓஹையோ
1884 ஏப்ரல் 27

அன்புள்ள டீலியா,

நான் சுகம். நீயும் நம் குட்டி ஊனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உன் அண்ணன் டிமத்தியின் கால் ஆறிவிட்டதா?

வந்து பத்து நாளாகியும் ஒரு வரி இல்லையே என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. முதலில் நல்ல சேதி. பேஸ்பால் கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஏழு மாதத்துக்கு ஆயிரத்து நூறு டாலர். இன்னொரு தடவை படித்துக்கொள். வார்ப்பட ஆலையில் ஒன்றரை வருஷம் புகையைத் தின்றால்தான் இவ்வளவு வரும். இதில் சட்டைக்கும் தொப்பிக்கும் முப்பது டாலர் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியூர் போனால் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு ஐம்பது சென்ட் பிடிப்பு. “உங்க கிளப்பு பேரை நெஞ்சுல எழுதிக்கிட்டு ஓடுறதுக்கு நாங்களே காசு குடுக்கணுமா?” என்று கேட்டேன். மேனேஜர் வெதர்பீ, “சட்டை இல்லாம ஓடுறியா? ஓடு, டிக்கெட்டு இன்னும் நாலு கூட விக்கும்” என்றார். ஆள் மோசமில்லை. ஒப்பந்தம் பதினெட்டுப் பத்தி, எல்லாம் பொடி எழுத்து. தொகை எழுதியிருந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டேன்.

இன்னொன்று. கிளப் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பதினொரு பேரில் நானும் ஒருவன். எங்கள் கூட்டமைப்பில் வேறெந்தக் கிளப்பும் என்னைத் தொடக்கூடாது. போன வருஷம் பாதியில் வந்து சேர்ந்தவனுக்கு இது பெரிய மரியாதை. உன் புருஷனுக்கு மவுசு வந்துவிட்டது.

இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். பந்தெறிகிறவன் தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியலாம். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கிறவனைப் பற்றி விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இன்னும் அதே விரல்நுனி வெட்டிய தோலுறைதான், உன் ஞாயிற்றுக்கிழமைக் கையுறை அதைவிடத் தடிமன். எங்களுக்குப் பந்தெறிய வந்திருக்கும் புது ஆள் ஆகஸ்ட் கெய்லர், ஜெர்மன்காரன், கஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறான். எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, சத்தம்தான் கேட்கிறது. அவனை எனக்குப் பிடித்திருக்கிறது.

நாற்பது டாலர் அனுப்பியிருக்கிறேன். ஊனாவுக்குச் செருப்பு வாங்கு.

உன்,
மலக்கி


டிராய், நியூயார்க்
1884 மே 9

அன்புள்ள மல்,

நாங்கள் சுகம். ஊனாவுக்கு நாலு நாள் இருமல், இப்போது சரியாகிவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? ஐம்பது சென்ட் கொடுத்தாயிற்று என்பதற்காக ஹோட்டல்காரனின் மேசையையே தின்றுவிடாதே.

டிமத்தி கையில் தடியில்லாமல் நடக்கிறான். உருக்கிய இரும்பு காலில் கொட்டியபோது அண்ணியும் நானும் இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆலைத் தொழிலாளர் சங்கம் இல்லாவிட்டால் அவ்வளவுதான் ஆகியிருக்கும். நானேதான் சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னார். பேர், தொழில், என்ன காயம், என்றைக்கு, கூட வேலை செய்கிற ஒருவரின் சாட்சி. சாட்சி முக்கியம் என்றார். ஆறு வாரம், வாரம் தவறாமல் பணம் வந்தது. நான் வேலை செய்கிற சட்டைக்காலர் சலவைக்கூடத்திலும் அப்படித்தான். இஸ்திரிப்பெட்டி சுட்டுவிட்டால் மறைக்கிறவள் முட்டாள், எழுதிக்கொடுக்கிறவள் புத்திசாலி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சனிக்கிழமைப் பத்திரிகையில் உன் பெயரைப் பார்த்தேன். எழுத்துப்பிழையோடுதான். “கெரட்டி கையில் ரத்தம் சொட்டச் சொட்ட ஆடினார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது” என்று போட்டிருந்தார்கள். கைதட்டினவர்களின் கையெல்லாம் நன்றாக இருக்கிறது போலிருக்கிறது. உன் கை எப்படி? மறைக்காமல் எழுது.

ஒட்டடைக்குச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
டீலியா


டேட்டன்
1884 ஜூன் 3

அன்புள்ள டீலியா,

நான் நலம். உன் நலத்துக்கும் ஊனாவின் நலத்துக்கும் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே. ஆட்டம் முடிந்து வந்தால் பேனாவைத் தூக்கச் சோம்பலாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல கஸ் எழுதுகிறான். அவனுக்குக் கையெழுத்து அழகு, எனக்குக் கருத்து அழகு.

நேற்று ஜெயித்தோம். மட்டைக்காரர்களைப் பதின்மூன்று தடவை கஸ் அடிக்கவிடாமல் அனுப்பினான். ஒரே ஒரு பந்துதான் என்னைத் தாண்டிப் போனது. (இரண்டு பந்து, அம்மணி. நான் எண்ணினேன். கஸ்.) நான் சொல்லாததை எழுதாதே என்று அவனைத் திட்டினேன், அதையும் எழுதிக்கொண்டிருக்கிறான்.

கை நன்றாகத்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவைக்கிறேன், எல்லாரும் செய்வதுதான். பத்திரிகைக்காரனுக்கு ரத்தம் எழுதினால்தான் சோறு. வெதர்பீயின் மனைவி எல்லாருக்கும் கேக் அனுப்பினாள், அதில் கல் ஒன்று இருந்தது, அதுதான் இந்த வருஷத்தின் பெரிய காயம்.

டிமத்தி எழுந்து நடப்பதில் சந்தோஷம். ஐம்பது டாலர் அனுப்பியிருக்கிறேன்.

உன்,
மலக்கி

அம்மணி, சட்டைப் பித்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன், சோம்பல் அவ்வளவு அதிகமாகிவிட்டது. கஸ்.


டிராய்
1884 ஜூன் 15

மதிப்புக்குரிய திரு. கெய்லர் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனி உறையில் உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். மலக்கிக்கும் ஒன்று எழுதியிருக்கிறேன், அதில் வீட்டு விஷயம்தான்.

நான் சுற்றி வளைக்கிற பெண் இல்லை. சட்டைப் பித்தான் போடமுடியாத சோம்பலை நான் பார்த்ததில்லை. நீங்கள் அந்த வரியை விளையாட்டுக்கு எழுதவில்லை, நான் பார்த்துவிட வேண்டும் என்றுதான் எழுதினீர்கள். பார்த்துவிட்டேன். நீங்கள் எறிகிற பந்து அவன் விரலில் விழுகிறது, அந்த விரலால் எழுதமுடியாமல் நீங்களே எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் கை எப்படி இருக்கிறது? பனிக்காலத்தில் அவன் ஆலைக்குத் திரும்ப வேண்டும். மண்ணை அச்சில் இறுக்கவும் இரும்புக் கரண்டியைப் பிடிக்கவும் பத்து விரலும் வேண்டும். எனக்கு உண்மையைச் சொல்ல அங்கே வேறு ஆள் கிடையாது.

டீலியா கெரட்டி


பஃபலோ
1884 ஜூன் 28

மதிப்புக்குரிய திருமதி கெரட்டி அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டத்துக்காக இந்த ஊர் வந்திருக்கிறோம். மலக்கி கீழே பியர் குடிக்கப் போயிருக்கிறான். உங்களுக்கு எழுத இரண்டு வாரம் யோசித்தேன், கோபிக்காதீர்கள்.

வலது கை மோதிர விரல் நுனி எலும்பு வரைக்கும் பிளந்துவிட்டது, மே இருபதாம் தேதி. மட்டையில் உரசித் திரும்பிய பந்து. சுண்டு விரல் முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. இடது கட்டைவிரல் வாரத்துக்கு ஒருமுறை மூட்டைவிட்டு நழுவுகிறது. அவனே பிடித்து இழுத்துப் பொருத்திக்கொண்டு, “எறிடா, தூங்கிட்டியா?” என்று கத்துகிறான். தோலுறைக்குள் பச்சை மாட்டிறைச்சித் துண்டு வைத்துக்கொள்கிறான். சாயங்காலம் அதைப் பார்த்தால் கொத்துக்கறி மாதிரி இருக்கும்.

ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற விதியில்லை. களத்தில் இருந்த இன்னொருவனை இடம் மாற்றிப் பின்னால் நிற்கவைத்தோம் ஒருநாள், மூன்று பந்தில் ஓடிவிட்டான். நான் மெதுவாக எறிந்து பார்த்தேன். வெளுத்து வாங்கிவிட்டார்கள். வெதர்பீ எனக்குப் பத்து டாலர் அபராதம் போட்டார். அன்றைக்கு மலக்கி என் கழுத்தைப் பிடித்துவிட்டான். “எனக்காக மெதுவா எறிஞ்சியா? இரக்கப்படுறியா? இரக்கத்தைக் கொண்டுபோய்க் கோயில்ல போடுடா” என்றான். அதனால் வேகமாகத்தான் எறிகிறேன். ஒவ்வொரு தடவையும் கையை விட்டுப் பந்து போனதும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மேனேஜருக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்று சாப்பாட்டு மேசையில் கையைக் கீழேயே வைத்திருக்கிறான், இறைச்சியை நான் நறுக்கிப் போடுகிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதினேன் என்று அவனுக்குத் தெரியவேண்டாம்.

உங்கள் பணிவுள்ள,
கஸ் கெய்லர்


டிராய்
1884 ஜூலை 6

பெருமதிப்புக்குரிய மேனேஜர் திரு. வெதர்பீ அவர்கள் சமூகத்துக்கு,

நலமும் கிளப்புக்கு வெற்றியும் உண்டாகுக. தங்கள் மனைவியார் ஆட்டக்காரர்களுக்கு கேக் அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு நன்றி. தாங்கள் இரக்கமுள்ளவர் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பெயர்: மலக்கி கெரட்டி.
தொழில்: தங்கள் கிளப்பில் பந்து பிடிப்பவர்.
காயம்: வலது கையில் இரண்டு விரல், இடது கட்டைவிரல். மே இருபது முதல்.

என் கணவர் மானஸ்தர், தானாக வாய் திறந்து கேட்கமாட்டார். ஆண்பிள்ளைகள் கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டால் காயம் போய்விடும் என்று நினைப்பவர்கள், இது தங்களுக்கும் தெரிந்திருக்கும். விரல் ஆறும்வரை நாலு வாரம் அவருக்கு ஓய்வு கொடுத்து, வழக்கப்படி அந்த வாரங்களுக்கு உதவித்தொகை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுச் சம்பளம் வேண்டாம், எங்கள் ஊரில் தருவதைப்போலப் பாதி போதும். ஆறியதும் முன்னைவிட நன்றாக ஆடுவார். நான் எழுதியதை அவரிடம் சொல்லாமலிருந்தால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

சாட்சி: உடன் வேலை செய்பவர், திரு. ஆகஸ்ட் கெய்லர்.

இப்படிக்கு,
டீலியா கெரட்டி


டேட்டன்
1884 ஜூலை 21

டீலியா,

சுகமா? ஊனா சுகமா? நானே எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருந்தாலும் படித்துக்கொள்.

வெதர்பீக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை எல்லாரும் உடை மாற்றுகிற அறையில் வைத்து, “கையை நீட்டு” என்றார். நீட்டினேன். ஒப்பந்தத்தில் பன்னிரண்டாம் பத்தியை வாசித்தார். ஆட முடியாதவனுக்கு, காயம் எதுவானாலும், எப்படி வந்ததானாலும், அன்றிலிருந்து சம்பளம் கிடையாது. அதுபோக, காயத்தை மறைத்ததற்கு அபராதம் இருபத்தைந்து டாலர். “என்னை விட்டுடுங்க, வேற எடம் பாத்துக்கறேன்” என்றேன். “விடுறதா? நீ ஒதுக்கி வெச்ச ஆளுப்பா. கை சரியானா எனக்குத்தான் ஆடுவே, இல்லேன்னா யாருக்கும் ஆடமாட்டே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரியாதை என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அந்த மரியாதை இதுதான்.

கஸ்தான் சொல்லியிருக்கிறான். வெதர்பீக்கு வந்த காகிதத்தில் சாட்சி என்று அவன் பெயர் இருந்தது, வெதர்பீ வாசித்தார். அத்தனை பேர் முன்னாலும் அவனை அடித்தேன். இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டேன். அவனைப் பற்றிக் கேட்காதே.

இந்த மாதம் பணம் அனுப்ப முடியாது. விடுதிக்காரி கரி அள்ளிப் போட்டால் படுக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மலக்கி


டேட்டன்
1884 ஜூலை 30

அன்புள்ள திருமதி கெரட்டி,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

வெதர்பீ காகிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் வாசித்தார். “உடன் வேலை செய்பவர்” என்று வந்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. பந்தாடுகிறவன் எவனும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டான். அது உங்கள் ஊர்ச் சங்கத்துப் பேச்சு. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பன்னிரண்டாம் பத்தியைப் பற்றி உங்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் இன்னும் பயப்படுவீர்களே என்று விட்டுவிட்டேன். என் தாடைக்கு ஒன்றுமில்லை, அவன் விரல்தான் மறுபடி போய்விட்டது.

நான் இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பதுதானே.

இப்போது முக்கியமான விஷயம். சிகாகோவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இந்த வருஷம் ஒரு புதுக் கூட்டமைப்பு வந்திருக்கிறதே, அவர்கள் இந்த ஒதுக்கி வைக்கிற ஏற்பாட்டை மதிப்பதில்லை, யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். எறிகிறவனையும் பிடிக்கிறவனையும் ஜோடியாகத்தான் கேட்கிறார்கள். நான் வந்தால் மலக்கியும் வரவேண்டும், கை ஆறும்வரை அவனை வெளியில் நிறுத்தி முழுச் சம்பளம் தரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டார். இருவரில் ஒருவருக்குக்கூட இது இன்னொரு தடவை வராது. ஆகஸ்ட் இருபத்தோராம் தேதிக்குள் பதில் வேண்டும்.

அவன் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். “உன்கூட சொர்க்கத்துக்குக்கூட வரமாட்டேன்” என்றான். கதவைத் திறக்கவில்லை.

காகிதத்தை எழுதியது யார் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லவேண்டும் என்றும் கேட்கமாட்டேன். உங்கள் வீடு, உங்கள் யோசனை.

கஸ்


டிராய்
1884 ஆகஸ்ட் 8

அன்புள்ள மல்,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எழுத்தினால் அல்ல. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சலவைக்கூடத்தில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்.

சிகாகோ விஷயம் கேள்விப்பட்டேன். கஸ் எனக்கு எழுதினார். கோபப்படாமல் படி. போ. அவரோடு போ. முழுச் சம்பளம், கைக்கு ஓய்வு, வெதர்பீயின் முகத்தைப் பார்க்க வேண்டாம். இதைவிட வேறென்ன வேண்டும் உனக்கு? அவர் அப்படிச் செய்கிற ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கு இறைச்சி நறுக்கிக் கொடுத்த மனிதர். எங்கோ ஏதோ தப்பு நடந்திருக்கும். யாரோ நல்ல எண்ணத்தில் எதையோ செய்து, அது வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்படி நடப்பதில்லையா?

டிமத்தியும் அப்படித்தான் சொல்கிறான். ஊனாவும் சிகாகோ என்று சொல்லப் பழகிவிட்டாள், சிக்கக்கோ என்கிறாள். நாங்களும் அங்கே வந்துவிடலாம், சலவைக்கூடம் எந்த ஊரில் இல்லை?

இன்னும் எழுத நினைத்தேன். விளக்கில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது.

உன்,
டீலியா


டேட்டன்
1884 ஆகஸ்ட் 14

டீலியா,

சுகம். கரி அள்ளிப் போடுகிறேன், மண்வெட்டியை இரண்டு மணிக்கட்டால் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். சுண்டு விரலில் உணர்ச்சி இல்லை.

கஸ் பற்றிக் கேட்காதே என்று எழுதினேன், நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவன் எறிந்த ஒவ்வொரு பந்தையும் பிடித்தவன் நான். என்னால் அவனோடு போகமுடியாது. காரணம் கேட்காதே. தப்பு யாருடையது என்று தோண்டாதே. விட்டுவிடு, டீலியா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடு.

மலக்கி


டிராய்
1884 ஆகஸ்ட் 19

மல்,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

வெதர்பீக்கு எழுதியது நான். கஸ்ஸிடம் கேட்டு உன் காயத்தைத் தெரிந்துகொண்டது நான். சாட்சி என்று அவர் பெயரைப் போட்டது நான். அவருக்கு அது தெரியாது. டிமத்திக்குச் செய்ததைப்போல உனக்கும் செய்கிறேன் என்று நினைத்தேன். நீ வீம்புக்கு மறைக்கிறாய், எழுதிக்கொடுத்தால் உதவி வரும் என்று நினைத்தேன். காயம் பட்ட ஆளின் சம்பளத்தை நிறுத்துகிற இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

உன் கையை நான் காப்பாற்றப் பார்த்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னைத் திட்டு, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி, என்னோடு ஒரு வருஷம் பேசாதே. ஆனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் ஓடிப்போய்க் கஸ்ஸின் கதவைத் தட்டு. இருபத்தொன்று வரை நேரம் இருக்கிறது. இரவு ரயில் தபாலில் சேர்க்க இப்போதே நிலையத்துக்கு நடக்கிறேன்.

டீலியா


டேட்டன்
1884 ஆகஸ்ட் 27

அன்புள்ள டீலியா,

நான் சுகம். ஊனாவை முத்தமிட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தைப் பொறுமையாக எழுதுகிறேன், நாளுக்குக் கொஞ்சமாக.

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. கஸ் அதற்கு முதல்நாள் காலை ரயிலில் போய்விட்டான். வேறொருவனை ஜோடி சேர்த்துக்கொண்டு போயிருக்கிறான், பத்தொன்பது வயசுப் பையனாம். அந்த ஒரு நாளை நினைத்து நீ உன்னையே தின்றுகொள்ளாதே. உன் கடிதம் ஒரு வாரம் முந்தி வந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்.

எனக்குத் தெரியும் டீலியா. அன்றைக்கே தெரியும். வெதர்பீ காகிதத்தை மடித்துத்தான் பிடித்திருந்தார், ஆனால் ஜன்னல் வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வந்தது. உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? உன் எழுத்து எப்போதும் இடது பக்கம் சாய்ந்து, மழையில் நடக்கிற பெண்பிள்ளை மாதிரி இருக்கும்.

அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். “யாருப்பா எழுதுனது? ஊர்லருந்து பொண்டாட்டியா?” என்று ஒருத்தன் கேட்டுச் சிரித்தான். அந்த நேரம்தான் வெதர்பீ கஸ்ஸின் பெயரை வாசித்தார். நான் அந்தப் பெயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உன்மேல் வந்த கோபம் எவ்வளவு என்று உனக்குச் சொல்லமாட்டேன். ஆனால் அதை உன்மேல் காட்டிவிட்டு நான் எங்கே போவேன்? கை போய்விட்டது, வேலை போய்விட்டது. எனக்குத் திரும்பிவர இருப்பது நீ இருக்கிற வீடு ஒன்றுதான். கஸ்ஸோடு பேசாமல் என்னால் காலம் தள்ளமுடியும் என்று அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். எழுந்துபோய் அடித்தேன்.

அவன் விலகவில்லை. நின்று வாங்கிக்கொண்டான். அப்போது அவன் கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் கதவைத் தட்டி, சிகாகோவுக்கு வா என்று கூப்பிட்டான். எந்த முகத்தோடு போவேன்? தினமும் அறுபது எழுபது தடவை அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற தொழில் இது.

வெதர்பீ அடுத்த வருஷத்துக்கும் என் பெயரை ஒதுக்கி வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன், விடுதிக்காரி டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தாள். டிமத்தியிடம் ஆலையில் கணக்கெடுக்கிற வேலை, காவல் வேலை, எதுவாவது கேட்டு வைக்கச் சொல்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நானும் உன்னிடம் கேட்கப்போவதில்லை. நாம் இருவரும் கேட்கவேண்டிய ஆள் வேறு. சிகாகோ விலாசம் ஹோட்டலில் வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்கு எழுத மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் உனக்கு இவ்வளவு எழுத முடிகிறது. அந்தக் காகிதத்தில்தான் ‘அன்புள்ள கஸ்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

உன்,
மலக்கி